களஞ்சியத்தில் நம் பிடி நெல் எங்கே?

1954ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 'கலைக்களஞ்சியம்' முதல் தொகுதியை வெளியிட்டார்கள். ஆங்கிலத்திலே என்சைக்ளோபீடியா இருக்கிறதே, தமிழில் உண்டா என்று கேட்டவர்களுக்கு அன்று விடை கிடைத்தது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக அமர்ந்தார். துறைக்குத் துறை அறிஞர்களைத் தேடினார்கள், எழுதச் சொன்னார்கள், எழுதி வந்ததைத் திருத்தினார்கள், கலைச்சொல் இல்லாத இடத்தில் சொல்லை ஆக்கினார்கள். பத்தாவது தொகுதி வெளிவந்தபோது 1968ஆம் ஆண்டு ஆகிவிட்டது. பதினான்கு ஆண்டு உழைப்பு! சிறுகச் சிறுகக் கட்டிய கோபுரம் என்றால் மிகையாகாது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1969 ஜனவரி 14, பொங்கல் திருநாள். சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' எனும் பெயரைப் பெற்றது. பெயர் மாறிற்று, பள்ளிப் பாடம் மாறிற்று, அரசு முத்திரைத் தாள் மாறிற்று. அச்சேறி அலமாரியில் அமர்ந்துவிட்ட பத்துத் தொகுதிகள் என்ன செய்யும்? சென்னை மாநிலம் என்றே அவை பேசிக் கொண்டிருந்தன. இன்றும் அப்படியே பேசுகின்றன. எழுதியவர்களின் குற்றமன்று அது. காகிதத்தில் ஏறிய மை தானாக மாறாது. மாற்ற வேண்டுமானால் மறுபதிப்பு வேண்டும். மறுபதிப்புக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், இன்னும் பத்தாண்டு வேண்டும்.

எழுதிய பிறகும் திருத்தலாம், எவர் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியது அந்த நொடியே உலகுக்குத் தெரியும் – இப்படி ஒரு களஞ்சியம் இருந்தால்? இருக்கிறது. அதன் பெயர் விக்கிப்பீடியா என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அது பிறந்த கதையைத்தான் பலர் அறியார்.

அமெரிக்காவில் ஜிம்மி வேல்சு, லாரி சாங்கர் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் 'நியூபீடியா' என்றொரு களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். எழுதுபவர் துறை அறிஞராக இருக்க வேண்டும். எழுதியது ஏழு படிகளில் ஆராயப்பட வேண்டும். அதன் பிறகே வெளியீடு. நல்ல ஏற்பாடுதானே? முதல் ஆண்டில் தேறியவை 21 கட்டுரைகள்! இருவரும் சலித்துப் போனார்கள். பூட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து வைத்துவிடுவோம், வருகிறவர் எழுதட்டும், தவறினால் அடுத்து வருகிறவர் திருத்தட்டும் என்று 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் பதினைந்தாயிரம் கட்டுரைகளுக்கு மேல் குவிந்தன. இன்று ஆங்கிலத்தில் மட்டும் அறுபது இலட்சத்துக்கும் மேல். எழுதுகிறவர்க்குக் கூலி இல்லை. பக்கத்தில் விளம்பரம் இல்லை. நன்கொடையில் நடக்கும் விக்கிமீடியா அறக்கட்டளை பொறிகளைப் பராமரிக்கிறது. எழுத்து முழுவதும் தன்னார்வலர்கள் தருவது.

தமிழில் 2003ஆம் ஆண்டில் இது தொடங்கிற்று. தொடக்கத்தில் அது களஞ்சியமா? கால்கோள் விழாவுக்கு நட்ட ஒரு கல் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அவ்வாண்டு நவம்பர் முதல் அதிலே உட்கார்ந்தார். திரையில் தெரியும் ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கினார், கட்டுரை எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அவர் தொடங்கிய கட்டுரைகள் நாலாயிரத்துக்கும் மேல். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. கதைக்கும் கவிதைக்கும் விருது கொடுத்துப் பழகிய நாம், களஞ்சியம் எழுதியவரையும் எண்ணிப் பார்த்த நாள் அது.

தனியொருவர் தோளில் களஞ்சியத்தைத் தூக்கி வைப்பது தமிழருக்குப் புதிதன்று. 1902இல் யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளை 'அபிதான கோசம்' கொண்டுவந்தார். 1910இல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி'யை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஒரு மனிதர், ஒரு வாழ்நாள், ஒரு பெருநூல்! வியக்கிறோம், வணங்குகிறோம். ஆனால் கேட்கத் தோன்றுகிறது: ஏன் எப்போதும் ஒருவர்? மற்றவர்கள் எங்கே?

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டன. எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். பிலிப்பைன்சு நாட்டில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியாவில் அறுபது இலட்சம் கட்டுரைகளுக்கு மேல் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சுவீடன் நாட்டுக்காரர் ஒருவர் இயக்கிய கணினி நிரல் அடுக்கித் தள்ளியவை. எண்ணிக்கை அங்கே மலை. எழுதும் மனிதர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். நம்முடைய நிலை அவ்வளவு மோசமில்லை. நம்மிடம் மனிதர்கள் எழுதியவை ஏராளம். எனினும் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நாலு வரி இருக்கும். மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி இருக்கும். ஏரி உண்டா, அதன் மடைகள் எத்தனை, எந்தத் தறி அந்தத் தெருவில் ஓடிற்று, எந்த ஆண்டில் நின்றது, சந்தை எந்தக் கிழமை – ஒன்றும் இராது. இவற்றையெல்லாம் அறிந்தவர் அந்த ஊரில் இருக்கிறார். அவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதிலே அவர் நாளெல்லாம் தட்டிக்கொண்டும் இருக்கிறார். களஞ்சியத்தில் மட்டும் ஒரு வரி தட்டியதில்லை!

நாம் எழுதாவிட்டால் என்ன? இடம் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். காலியிடம் காலியாகக் கிடப்பதில்லை, நண்பர்களே. வேறொருவர் வந்து நிரப்புவார். நிரப்பிய கதை இரண்டு சொல்கிறோம்.

முதலாவது நம் வீட்டுக் கதை. 2009இல் தொடங்கி 2011 வரை கூகுள் நிறுவனம் ஆங்கிலக் கட்டுரைகளைக் கூலி கொடுத்துத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்றிற்று. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். வந்தது என்ன? அமெரிக்கப் பாடகர்கள் வந்தார்கள். மருந்துப் பெயர்கள் வந்தன. நீளமான கட்டுரைகள், தலையும் வாலும் தெரியாத வாக்கியங்கள். ஆங்கிலச் சொற்றொடரைத் தோலுரித்துத் தமிழ்த் தோலைப் போர்த்தியதுபோல் ஒரு நடை. பக்கத்தை ஏற்றிவிட்டுப் போனவர் திரும்ப வந்து பார்த்தாரில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் குரல் எழுப்பினார்கள்: எந்தத் தலைப்பு என்பதை எங்களைக் கேளுங்கள், தரம் பாருங்கள், ஏற்றியதைத் திருத்துங்கள் என்றார்கள். போலந்தில் 2010இல் நடந்த உலக விக்கிமீடியர் மாநாட்டிலும் அதை எடுத்துரைத்தார்கள். கடைசியில் அந்தத் திட்டம் நின்றது. திருத்தும் வேலை? கூலி வாங்காதவர்கள் தலையில்தான் விழுந்தது.

இரண்டாவது கதை இன்னும் கசப்பு. இசுக்காட்லாந்து மக்களுக்கு இசுக்காட்சு என்றொரு மொழி உண்டு. ஆங்கிலத்துக்கு உறவு, ஆனால் தனி நடை, தனிச் சொல், தனி இலக்கியம். அந்த மொழி விக்கிப்பீடியாவில் ஆயிரமாயிரம் கட்டுரைகள். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு செய்தி வெடித்தது. அவற்றில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, எழுதியவர் அமெரிக்காவில் வாழும் ஓர் இளைஞர். அந்த மொழி அறியாதவர். சிறுவனாக இருந்தபோதே தொடங்கியவர். ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு, அகராதியைப் பார்த்து இங்கொரு சொல் அங்கொரு சொல் மாற்றியிருக்கிறார். பல ஆண்டு நடந்தது. ஏன் எவரும் தடுக்கவில்லை? தடுக்க வேண்டியவர்கள், அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள், அங்கே இல்லை! அந்தப் பிள்ளைமீது கோபம் வரவில்லை. அவன் ஆசையோடு செய்தான். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் விளக்கேற்றப் போனான், வேண்டாத இடத்தில் பற்ற வைத்துவிட்டான்.

இன்றைக்கு ஆபத்து மேலும் கூடிவிட்டது. கேட்டவுடன் பக்கம் பக்கமாகத் தமிழ் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துவிட்டன. அந்தப் பொறிகள் படித்துத் தேறிய பாடங்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. பிழையான தமிழை அங்கே ஏற்றினால், பொறி அதைப் படிக்கும். படித்த பிழையை மீண்டும் எழுதும். எவரோ ஒருவர் அதையும் கொண்டுவந்து களஞ்சியத்தில் ஏற்றுவார். கிணற்றில் கலந்த உப்பு இறைக்க இறைக்க வயலுக்கே போவதுபோல! நல்ல தமிழ் அறிந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தால் அன்றி இதற்கு அணை இல்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில் ஒரு கணக்கை உருவாக்கிக் கொள்ளுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் போதும். சொந்தப் பெயர் கட்டாயமில்லை, புனைபெயர் வைக்கலாம்; எழுத்தாளர்க்கும் மேடைப் பேச்சாளர்க்கும் புனைபெயர் பஞ்சமா என்ன? கணக்கு இருந்தால் உங்கள் பெயரில் ஒரு பயனர் பக்கமும், பிறர் உங்களோடு பேச ஒரு பேச்சுப் பக்கமும் கிடைக்கும். 'மணல்தொட்டி' என்றொரு பக்கமும் உண்டு. அந்நாளில் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதிப் பழகினோமே, அதே மணல்தான். கிறுக்கலாம், அழிக்கலாம், கேட்பாரில்லை.

அதன் பின் புதுக் கட்டுரையில் கை வைக்காதீர்கள். புதியவர்கள் பத்துப் பேரில் பலர் செய்வது அதுதான். அதிலும் தம்மைப் பற்றியே ஒரு கட்டுரை! இல்லையேல் தம் முதலாளியைப் பற்றி, தம் வட்டச் செயலாளரைப் பற்றி. மறுநாள் பார்த்தால் பக்கம் நீக்கப்பட்டிருக்கும். 'என்னை அவமதித்துவிட்டார்கள்' என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவமதிப்பு ஒன்றுமில்லை. தன்னைச் சாராத நூல்களும் இதழ்களும் விரிவாக எழுதியிருக்கிற ஆளுக்கும் பொருளுக்கும்தான் அங்கே கட்டுரை. அதைக் 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். நம்மைப் பற்றி நாமே எழுதுவது அங்கே சாட்சி ஆகாது.

இருக்கிற கட்டுரையைத் திருத்துங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை தனி மாவட்டங்கள் ஆயின, 2020இல் மயிலாடுதுறை. இன்று மாவட்டங்கள் 38. உங்கள் சிற்றூரின் பக்கம் இன்னும் பழைய மாவட்டத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், மேலே 'தொகு' என்றிருக்கும் இடத்தைத் தொடுங்கள். தவறான பெயரை எடுத்துச் சரியானதை எழுதுங்கள். கீழே சுருக்கம் கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். 'மாவட்டப் பெயர் திருத்தம்' என்று இரண்டு சொல் எழுதுங்கள். பதிப்பிடுங்கள். முடிந்தது! 1969இல் பத்துத் தொகுதிகளால் செய்ய முடியாததை ஒரு நிமிடத்தில் நீங்கள் செய்துவிட்டீர்கள்.

இப்படிப் பத்துத் திருத்தம், இருபது திருத்தம். ஒற்றுப்பிழை, ஆண்டுப்பிழை, அறுந்த வாக்கியம். கை பழகும். பிறகு ஒரு பத்தி சேர்க்கலாம். பிறகு கட்டுரை.

பத்தி சேர்க்கும்போதுதான் முதல் பெரிய சோதனை வருகிறது. 'சான்று எங்கே?' என்று கேட்பார்கள். 'எங்கள் ஊர் ஏரியை வெட்டியவர் இன்ன அரசர், என் பாட்டி சொல்வாள்' என்றால் செல்லாது. பாட்டி பொய் சொல்வாள் என்பதல்ல பொருள். படிக்கிறவர் திருச்சியிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார். அவர் உங்கள் பாட்டியிடம் போய்க் கேட்க முடியாது. அவர் சென்று பார்த்துச் சரிதான் என்று தேறக்கூடிய இடம் வேண்டும். நூல், ஆய்வேடு, நாளிதழ், அரசு வெளியீடு, கணக்கெடுப்பு அறிக்கை – இவற்றில் ஒன்றைப் பக்க எண்ணோடு அடிக்குறிப்பாகக் காட்ட வேண்டும். கோவிலைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் எழுதுவோர்க்கு ஒரு புதையல் இருக்கிறது: 1890 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்'. உங்கள் ஊர்க் கோவில் சுவரில் வெட்டியிருப்பது அதிலே அச்சாகியிருக்கலாம். மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். நூலகர் எழுந்து தூசி தட்டிக் கொடுப்பார். நாள்பட்ட நூலைக் கேட்க ஓர் ஆள் வந்தாரே என்று மகிழவும் செய்வார்.

இதில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு, மறைக்கவில்லை. ஏட்டில் ஏறாத அறிவு நம்மிடம் மிகுதி. நாட்டார் தெய்வம், மீனவர் காற்றுக்கு வைத்த பெயர், தறிக்காரர் பேச்சு, மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலை – இவற்றில் எவ்வளவோ அச்சைக் காணாதவை. அச்சில் இல்லை என்பதால் களஞ்சியத்தில் இல்லை என்றால், எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களின் வாழ்வு இரண்டாம் முறையும் வெளியே நிறுத்தப்படுகிறது. விதியை உடைப்பது இதற்கு வழியாகாது. உடைத்தால் கட்டுக்கதைக்காரனுக்கும் அதே கதவு திறக்கும். முதலில் அச்சேற்றுங்கள்; ஊர்ச் சிற்றிதழில், கல்லூரி ஆய்வேட்டில், நல்ல பதிப்பகத்தின் நூலில். பிறகு அதனைச் சான்றாக்கி வேறொருவர் களஞ்சியத்தில் எழுதட்டும். சுற்றுவழிதான். ஆனால் அந்த வழியே போனது நிலைக்கும்.

நாளிதழில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டுவோரும் உண்டு. கூடாது. செய்தி பொது, சொல்லமைப்பு எழுதியவர்க்கு உரியது. படித்துவிட்டு மூடி வையுங்கள். உங்கள் சொல்லில் எழுதுங்கள். படமும் அவ்வாறே: இணையத்தில் கிடைத்தது என்பதால் நம்முடையது ஆகிவிடாது. உங்கள் கைப்பேசியால் நீங்கள் எடுத்த ஏரிக்கரைப் படம் ஒன்று, யாரோ எடுத்த நூறு அழகுப் படங்களைவிட அங்கே மதிப்புடையது. விக்கிமீடியாவின் 'பொதுவகம்' என்னும் படக் கிடங்கில் ஏற்றினால் எல்லா மொழிக் களஞ்சியமும் அதனை எடுத்தாளும்.

இனி நடை. இங்கேதான் நம்மைப் போன்ற மேடைத் தமிழர்கள் சறுக்கி விழுகிறோம். நமக்கு அடைமொழி இல்லாமல் வாய் திறக்காது. 'தஞ்சைத் தரணியைத் தங்க வயலாக்கித் தாரணி புகழ ஓங்கி நிற்கும் மேட்டூர் அணை' என்று எழுதினால் கைதட்டல் விழும். களஞ்சியத்தில் அது விழாது. அங்கே எழுத வேண்டியது: 'மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் காவிரியின் குறுக்கே அமைந்துள்ளது. 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி.' சப்பென்று இருக்கிறதா? இருக்கட்டும். பாசனத்துக்கு நீர் திறக்கும் நாளில் உழவர் கேட்பது இந்த எண்ணைத்தான், அந்த அடைமொழியை அன்று.

அணைக்கே இப்படியென்றால், தலைவர்களுக்கு? இந்தப் பத்தி கட்சிக்காரர்களுக்கென்றே எழுதப்படுகிறது. எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம், எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான். உம் தலைவர் பக்கத்தைத் திறக்கிறீர். 'மாபெரும்' என்று சேர்க்கக் கை துடிக்கிறது. சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் எவரோ எடுத்துவிடுவார். எதிர்முகாம் தலைவர் பக்கத்தைத் திறக்கிறீர். ஒரு சொல்லால் குத்தக் கை துடிக்கிறது. அதுவும் நிற்காது. 'நடுநிலை நோக்கு' என்பது அந்த வீட்டின் நிலைப்படி. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பிறந்த ஆண்டு, நின்ற தேர்தல், வென்ற தொகுதி, கொண்டுவந்த சட்டம், வந்த குற்றச்சாட்டு, அதற்கு நீதிமன்றம் சொன்னது – சான்றோடு வையுங்கள். உம் தலைவர் பெரியவர் என்றால் அந்தப் பட்டியலே சொல்லிவிடும். சொல்லவில்லையென்றால், அடைமொழி சொல்லி என்ன பயன்? எதிர்முகாம் தலைவர் கொண்டுவந்த நல்ல சட்டத்தைத் தக்க சான்றுடன் நம் கையால் ஏற்றுவதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். மேடையில் இதைப் பழக வாய்ப்பில்லை. அங்கே உண்டு.

'எவர் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் பொய் எழுத மாட்டார்களா?' நியாயமான கேள்வி. எழுதினார்கள். 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலர் பற்றிய பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பிருந்ததாகக் கருதப்பட்டது என்று ஒருவர் எழுதிவிட்டார். நான்கு மாதம் அந்தப் பொய் நின்றது! அவர் நாளிதழில் எழுதி உலகறியச் செய்தார். அதன் பிறகே, ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கில்லாதவர் புதுப் பக்கம் தொடங்க முடியாது என்ற விதி வந்தது. அதே ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழ் ஒரு சோதனை செய்தது: விக்கிப்பீடியாவிலும் பிரித்தானிக்காவிலும் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து அறிஞர்களிடம் கொடுத்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரித்தானிக்காவில் மூன்று. பிரித்தானிக்கா கடுமையாக மறுத்தது. வழக்காடிற்று என்றே சொல்லலாம், இதழ் பக்கங்களில்! 2012இல் அது அச்சுப் பதிப்பையே நிறுத்திக்கொண்டது. ஆக, பிழை இரண்டிலும் உண்டு. பார்க்கிற கண்கள் உள்ள பக்கத்தில் பிழை சீக்கிரம் போகும். தமிழில் கண்கள் குறைவு. நான்கு மாதம் என்ன, நான்கு ஆண்டும் ஒரு பொய் நிற்க இடமிருக்கிறது. 'அண்மைய மாற்றங்கள்' என்னும் பக்கத்தை நாளுக்குப் பத்து நிமிடம் பார்த்து, புகுந்த குப்பையை அகற்றுவதே ஒரு தொண்டு. எழுத வராதவரும் அதைச் செய்யலாம்.

உங்கள் எழுத்தையும் ஒருநாள் எவரோ மாற்றுவார். மனம் சுடும். 'வரலாறு' என்ற பகுதியைத் தொட்டுப் பாருங்கள். யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது முழுவதும் இருக்கும். எதுவும் மறைவதில்லை. உங்கள் பழைய வரிகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. உடனே திருப்பிப் போடாதீர்கள்; அவர் மீண்டும் மாற்ற, நீங்கள் மீண்டும் திருப்ப, வரப்புத் தகராறு போல் வளரும். உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். பொதுப் பேச்சுக்கு ஒரு மன்றம் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆலமரத்தடி'! பெயர் வைத்தவர் யாரோ, ஊரறிந்தவர்.

அந்த ஆலமரத்தடியில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. 'ஜப்பான்' என்று எழுதுவதா, 'சப்பான்' என்று எழுதுவதா? கிரந்த எழுத்து வேண்டும் என்பார் ஒரு சாரார், வேண்டாம் என்பார் மறு சாரார். இன்னொன்று, கடல் கடந்த வழக்கு. தமிழ்நாட்டார் 'டொராண்டோ' என்கிறார்கள். ஈழத்தார் 'ரொறன்ரோ' என்கிறார்கள். எது தமிழ்? இரண்டும் தமிழ்தான். ஒருவர் காது ஒலியை ஒருவிதமாகப் பிடிக்கிறது, மற்றவர் காது வேறுவிதமாக. களஞ்சியம் இதற்கு எளிய வழி கண்டது: ஒரு பெயரில் கட்டுரை, மற்றப் பெயரிலிருந்து ஒரு வழிமாற்று. எந்தப் பெயரைத் தேடினாலும் அதே பக்கம் வந்து சேரும். யாழ்ப்பாணத்தாரும் மதுரைக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் ஒரே பக்கத்தை நாள்தோறும் சேர்ந்து திருத்துகிற இடம் வேறு எங்கே இருக்கிறது? மாநாடு கூட்டினால் மூன்று நாள். பந்தலைப் பிரித்தால் அவரவர் ஊர். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைப் போட்டி நடந்தது. பந்தல் போய்விட்டது, அந்தக் கட்டுரைகளைத் தேடினால் இன்றும் படிக்கலாம்.

கட்டுரை எழுதத் துணிவு வரவில்லை என்போர்க்கு வேறு கதவு உண்டு. 'விக்கிமூலம்' என்று ஓர் உடன்பிறப்புத் தளம். அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பக்கத்தின் படம் ஒருபுறம். கணினி படித்த எழுத்து மறுபுறம். கணினி 'ரகரத்தைக்' கால் என்று படிக்கும்; ஒற்றை விழுங்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் – உங்களைத் தேடித்தான் அந்த நூல்கள் காத்திருக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் போதும்.

தமிழ்த் தட்டெழுத்து தெரியாதே என்பது இனிச் சாக்காகாது. தமிழ் 99 விசைப்பலகையைச் சில நாளில் பழகலாம். கைப்பேசியோ வாயால் சொன்னாலே எழுதிக்கொள்கிறது. ஐயம் வந்தால் 'ஒத்தாசைப் பக்கம்' என்று தேடி, அங்கே கேளுங்கள். அனுபவமுள்ள எவராவது வந்து விடை எழுதுவார். கேள்வியின் முடிவில் நான்கு அலைக்குறிகளை இடுங்கள். உங்கள் பயனர் பெயரும் நாளும் நேரமும் கையெழுத்தாகத் தானே விழும். கட்டுரைப் பக்கத்தில் மட்டும் அந்தக் குறி வேண்டாம். அங்கே எவரும் கையெழுத்திடுவதில்லை. பெயர் எல்லாம் வரலாற்றுப் பக்கத்தில்தான்.